பின்னாடி பாரு

அக்காவோடு படம் பார்க்க உட்கார்ந்தால், முதலில் எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்து வைப்பார். ஜன்னல் திரையை ஒதுக்குவார். அதற்கும் மேல் டியூப் லைட்டைப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போய்வந்து, கோயிலுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல், குக்கரில் கறியை ஏற்றிவிட்டு, வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் எங்கள் பேய்ப்படம் தொடங்கும். உலகத்தில் வேறு யாரும் இப்படிப் பட்டப்பகலில், மசாலா வாசனைக்கும் விசில் சத்தத்துக்கும் நடுவே பேய்ப்படம் பார்த்திருக்க மாட்டார்கள். ராத்திரியில் பார்த்தால்தானே பயமாக இருக்கும் என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுக்குத்தான் பகல்ல பாக்கறன். எனக்கு பயம்னா ஆவாது" என்றார்.

ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. கார்களுக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களை அடித்தெடுக்கும் கம்பெனி அது. நான் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். கிருஷ்ணகிரியில் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வீடு, ஒரே கம்பெனி பஸ், பஸ்ஸிலும் பக்கத்துப் பக்கத்து சீட். நான் சேலத்துக்காரி என்பதால் கடைசிவரை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏ சேலம்" என்பார். பழிக்குப் பழியாக நானும் இங்கே அவர் பேரை எழுதப் போவதில்லை. அதற்கு வேறு காரணமும் உண்டு. போகப் போகத் தெரியும்.

இவ்வளவு பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. சுவரில் பல்லி இருந்தால் அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டார். டாக்டர் ஊசியை எடுத்தால் காய்ச்சல் விட்டுவிட்டதாகச் சொல்லி எழுந்து வந்துவிடுவார். ஒருநாள் குருபரப்பள்ளி அருகே பஸ் பஞ்சராகி நின்றது. டீக்கடை எதிர்ப்பக்கத்தில் இருந்தது. நெடுஞ்சாலையைத் தாண்டவேண்டும் என்றதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா, அந்தக் கடையில டீ நல்லா இருக்காது" என்றார். அந்தக் கடையை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்.

அப்படிப்பட்டவருக்குப் பேய்ப்படம் எடுக்கும் இயக்குநர்கள் என்றால் உயிர். நடிகர்கள் பேர் தெரியாது. கதையும் பாதி மறந்துபோகும். எடுத்தவர் யார், அவர் கை எப்படி என்பதுதான் பேச்சு. வெளிநாட்டுப் பேர்கள் என் மண்டையில் நிற்காது என்று அவரே முடிவு செய்து, ஆளுக்கொரு பட்டப்பேர் வைத்திருந்தார். இத்தாலியில் ஒருவர், அறை முழுக்கச் சிவப்பும் நீலமுமாக வெளிச்சத்தைக் கொட்டி, கொலைகாரனின் முகத்தைக் காட்டாமல் கறுப்புக் கையுறையை மட்டும் காட்டுவாராம். அவர் 'கிளவுஸ்காரர்'. கனடாவில் ஒருவர், மனுஷ உடம்பே திரிந்து இயந்திரத்தோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி எடுப்பவர். அவர் 'சதைக்காரர்'. இங்கிலாந்துக்காரர் ஒருவருக்கு 'வாத்தியார்' என்று பட்டம். ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று நமக்கு மட்டும் முன்கூட்டியே காட்டிவிட்டு, படத்தில் இருப்பவர்களிடம் மூச்சுவிடாமல், நம்மை உட்கார்ந்த இடத்தில் நெளிய விடுவது அவர் வேலை.

இவர்கள் எல்லோரையும்விட அக்காவுக்குப் பிடித்தவர் ஒரு ஜப்பான்காரர். அவர் 'சும்மா நிக்கவெக்கறவர்'. அவர் படத்தில் இசை இருக்காது, கேமரா அசையாது, யாரும் கத்தமாட்டார்கள். முன்னால் யாரோ ஏதோ வேலையாக இருப்பார். வெகுநேரம் கழித்துத்தான் பின்னால், இருட்டான மூலையில், இன்னொருவர் நின்றுகொண்டிருப்பது நமக்குத் தெரியும். எப்போதிலிருந்து நிற்கிறார் என்பதுதான் தெரியாது. நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன். அக்கா முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டே, "பாத்தியா, அவரு ஒண்ணுமே பண்ணல. நிக்க வெச்சாரு, அவ்ளோதான்" என்று சொக்கிப்போவார்.

நம் ஊர்ப் பேய்கள்மேல் அவருக்கு இரக்கம் அதிகம். "தலைக்கு ஊத்திட்டு காய வெக்காமலே வந்துடுது பாரு. சளி புடிக்காதா அதுக்கு?" என்பார்.

காலையில் பஸ் சூளகிரியைத் தாண்டும்போது விளையாட்டு ஒன்று நடக்கும். செல்போனில் தலைப்பை விரலால் மறைத்து, சத்தத்தை அணைத்துவிட்டு, ஒரு காட்சியை ஓட்டிக் காட்டி, "யாரு கை இது?" என்று கேட்பார். நான் உத்தேசமாக எதையாவது சொல்வேன். பாதி நாள் எல்லாமே கிளவுஸ்காரர்தான்.

"நீ முன்னாடி நிக்கறவள பாக்கற சேலம். அவ அழகா இருக்கறா, அவளத்தான் பாப்ப. பின்னாடி பாரு. டைரக்டர் அங்கதான் இருப்பாரு."

மிஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரிலும் இதே கதைதான். வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டு உள்ளே வந்தால் எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்கமாட்டார். அவர் தோளுக்குப் பின்னால் பார்ப்பார். அங்கே தள்ளாடும் பெட்டி அடுக்கு, எண்ணெய் சிந்திய தரை, வழியை மறைத்து நிற்கும் டிராலி. பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களைப் பார்த்துக் கையைத் தட்டி, "பின்னாடி பாரு! ஹிந்தே நோடு! வெனக சூடு!" என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் கூவுவார். எங்கள் கம்பெனியில் தமிழ் ஒன்றை மட்டும் நம்பினால் ஆபத்து. டிரைவர்கள் அவர் போனபிறகு அதே குரலில் ஒருவருக்கொருவர் கூவிச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே பின்னால் பார்த்துத்தான் வண்டியை எடுப்பார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

இந்தப் படப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் ஆளுக்குத் தகுந்தபடி ஒரு கதை சொல்வார். பாலிடெக்னிக் விடுதியில் பழகியது என்பார். வீட்டுக்காரரைப் பயமுறுத்த ஆரம்பித்தது என்பார். எல்லாம் ரீல். ஒரே ஒருமுறை நிஜத்தைச் சொன்னார் என்று நினைக்கிறேன். சதைக்காரர் படம் ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில், தகடு அடிக்கும் பிரஸ் மிஷின் பக்கத்தில் ஒரு கிளவுஸ் கிடந்ததாம். யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எடுத்தாராம்.

"அது காலியா இல்ல. அவ்ளோதான் சொல்லுவன்" என்றார். அன்று கறி சாப்பிடவில்லை.

எங்கள் பிரஸ்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். ஆபரேட்டர் தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக இருக்கும் இரண்டு பச்சைப் பட்டன்களை, இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தவேண்டும். அப்போதுதான் மேலே இருக்கும் பாரம் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது. ஏற்பாடு அவ்வளவுதான். ஆனால் பழைய மிஷின்களில், ஒரு பட்டனை இன்சுலேஷன் டேப் போட்டு அழுத்திக் கட்டிவிட்டால், மற்றதை ஒரு கையால் தட்டிக்கொண்டு இன்னொரு கையால் தகட்டைத் தள்ளலாம். வேலை பறக்கும். அக்கா இதற்கு 'ஒத்தக்கை ஆட்டம்' என்று பேர் வைத்திருந்தார். எங்கள் கம்பெனியில் இது நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். பிடிக்கத்தான் முடியவில்லை. வெள்ளை ஹெல்மெட் தூரத்தில் தெரிந்ததும் யாராவது விசிலடிப்பார்கள். அவர் கிட்டே போகும்போது டேப் இருந்த சுவடே இருக்காது.

"நான் போனா எல்லாம் சுத்தமா இருக்குது. நான் இல்லாதப்ப என்னா நடக்குதுன்னு எனக்கு யாரு காட்டுவா?" என்று பஸ்ஸில் புலம்புவார்.

அந்த வருஷம் பாதுகாப்பு வாரத்துக்கு ஒரு குறும்படம் எடுக்கச் சொல்லி பிளான்ட் ஹெட் அவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். முந்தைய வருஷம் வெளியிலிருந்து ஆள் வைத்து நாடகம் போட்டார்கள். கை போனதுபோல நடித்தவர் மேல் சிவப்புச் சாயத்தை ஊற்ற, கூட்டம் விசிலடித்து ஒன்ஸ்மோர் கேட்டது. அக்காவுக்கு அவமானமாகிவிட்டது.

"ரத்தத்த காட்டினா சிரிக்கத்தான் செய்வான். ஒண்ணுமே காட்டக்கூடாது" என்றார்.

ஸ்டோர்ஸில் இருந்த முனிராஜைக் கதாநாயகன் ஆக்கினார். அவருக்கு நடிப்பில் பெரிய ஆசை. தெலுங்கில் வசனம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா அதை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "நீங்க பேசவே வேணாம். நடந்து வாங்க, கீழ கிடக்கற கிளவுஸ பாருங்க, நில்லுங்க. அவ்ளோதான்" என்றார். "அப்ப நான் எதுக்கு மேடம்? ஒரு கம்பத்த நட்டு வெச்சிக்கங்க" என்று முனிராஜ் கோபித்துக்கொண்டார். அப்புறம் நடித்தார். என் செல்போனை ஸ்டாண்டில் மாட்டி நடைபாதையில் நிறுத்திவிட்டு, அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டி அடுக்குக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து கையால் ஜாடை காட்டினார். உற்பத்தி நிற்கக்கூடாது என்பதால் பின்னால் பிரஸ்கள் ஓடிக்கொண்டே இருந்தன. படப்பிடிப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டில் லேப்டாப்பில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். முனிராஜ் வந்தார், கிளவுஸைப் பார்த்தார், நின்றார். உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. கிளவுஸ் காலியானதுதான், அதில் விரல் இருக்குமோ என்று எனக்கே தோன்றியது. "பிரமாதம் அக்கா, கிளவுஸ்காரரே பார்த்தா..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் காட்சியைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓட்டினார். மறுபடியும்.

"பின்னாடி பாரு" என்றார்.

முனிராஜின் தோளுக்குப் பின்னால், வலது மூலையில், எட்டாம் நம்பர் பிரஸ். அதில் சிவப்புத் தொப்பியோடு மாதேஷ். ஒரு பட்டனில் கறுப்பு டேப். ஒரு கை மற்ற பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கை உள்ளே போய் வந்தது. போய் வந்தது. அக்கா கண்களை மூடிக்கொண்டார். எந்தப் பேய்ப்படத்துக்கும் அவர் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை.

மாதேஷ் சூளகிரிப் பக்கத்துப் பையன். கான்ட்ராக்ட் ஆள். அந்த மாசத்தின் சிறந்த ஆபரேட்டர் என்று கேன்டீன் வாசல் பலகையில் அவன் படம்தான் இருந்தது. எப்படிச் சிறந்தவன் ஆனான் என்பது இப்போது தெரிந்துபோயிற்று. அவனைப் பற்றி எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே. எழுதிக் கொடுக்காமல் விட்டு, அவன் கை போனால் அது அக்காவின் தலையில். தெரிந்தும் மறைத்தார் என்று தெரியவந்தால் அவர் வேலையும் போகும்.

"கூப்பிட்டுத் திட்டுங்க அக்கா. கதை முடிஞ்சது" என்றேன்.

"சரிங்க மேடம்பான். நான் திரும்பினதும் மறுபடி ஒட்டுவான். என்னப் பாத்து பயந்து என்னா பிரயோஜனம்? அவன் அந்தப் பட்டனப் பாத்து பயப்படணும்."

"அப்போ என்னதான் செய்யப் போறீங்க?"

குக்கர் கூவியது. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தக் காட்சியை வெட்டவில்லை. சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டார். முனிராஜ் நிற்கும் நேரத்தை நீட்டினார்.

நான் லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன். "பைத்தியமா உங்களுக்கு? மொத்த கம்பெனியும் பார்க்கும். பிளான்ட் ஹெட் முதல் வரிசையில உக்காந்திருப்பார்!"

"அவரு முன்னாடி பாக்கற ஆளு சேலம். எல்லாருமே கிளவுஸத்தான் பாப்பாங்க. ஒருத்தன் மட்டும் எட்டாம் நம்பர பாப்பான். தினம் நிக்கற இடமாச்சே, பாக்காம இருப்பானா? தனியா கூப்பிட்டு பயமுறுத்தினா அது மிரட்டல். கூட்டத்துல உக்காந்து அவனா கண்டுபிடிக்கணும்."

பெரிய துணிச்சல்காரிபோலப் பேசினாரே தவிர, மறுநாளிலிருந்து பஸ்ஸில் விளையாட்டு நின்றுபோனது. ஜெபமாலையைப் பைக்குள்ளேயே உருட்டிக்கொண்டு வந்தார். நான் கோபத்தில் பேசவில்லை. மாதேஷ் அதற்குள் கையை விட்டுவிட்டால் என்ன செய்வது என்று இருவருக்கும் ஒரே நினைப்புதான். படம் போடும்வரை அக்கா ஏதாவது சாக்குச் சொல்லி எட்டாம் நம்பர் பக்கத்திலேயே நாள் முழுக்க நின்றார். "மேடத்துக்கு என்னாச்சி, இங்கயே வேர் விட்டுட்டாங்க" என்று லைன் சூப்பர்வைசர் கேலி செய்தார்.

கேன்டீன் ஜன்னல்களில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒட்டி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் படத்தைப் போட்டார்கள். பிளான்ட் ஹெட் முதல் வரிசையில். மாதேஷ் நடுவில், டீ கிளாஸோடு. நான் பக்கவாட்டில் நின்றேன். அக்கா கடைசியில், புரொஜெக்டர் பக்கத்தில். முனிராஜ் திரையில் வந்ததும் கைதட்டல், சிரிப்பு. அவர் கிளவுஸைப் பார்த்தார். நின்றார். சத்தம் அடங்கியது. முன்வரிசையில் ஒருவர் "ஐயோ, உள்ள இருக்குதாடா?" என்று முணுமுணுத்தார். நான் திரையைப் பார்க்கவில்லை. மாதேஷைப் பார்த்தேன்.

டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. கண்கள் கிளவுஸிலிருந்து மெல்ல மேலே, வலது மூலைக்குப் போயின. கிளாஸைக் கீழே வைத்தான். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டான். பிறகு மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார்த்தான்.

கடைசியில், இருட்டில், அக்கா நின்றுகொண்டிருந்தார். சிரிக்கவில்லை, தலையாட்டவில்லை, முறைக்கவும் இல்லை. சும்மா நின்றார்.

படம் முடிந்து எனக்கு மூச்சு வந்த நேரத்தில் பிளான்ட் ஹெட் கையைத் தூக்கினார். "அந்த கிளவுஸ் சீன் இன்னொந்து சல ஹாக்கி" என்றார். இன்னொரு தடவை போடச் சொல்கிறார்! கர்நாடகப் பக்கத்துக்காரர், உற்சாகம் வந்தால் கன்னடம் வந்துவிடும். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா போட்டார். வேறு வழி? வாத்தியார் என்று அவர் பட்டம் கொடுத்த அந்த இங்கிலாந்துக்காரரின் படத்துக்குள்ளேயே நாங்கள் மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. எட்டாம் நம்பரில் அந்தக் கை போய் வந்தது. பிளான்ட் ஹெட் கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மாதேஷின் காது சிவந்துவிட்டது.

"சூப்பர் மேடம். கிளவுஸ் ரியலா இருக்குது" என்றார்.

அக்கா அங்கிருந்தே, எல்லோருக்கும் கேட்கும்படி, "சார், பழைய மிஷின் எல்லாத்துக்கும் பட்டன மாத்திக் குடுங்க. ஒண்ண கட்டி வெச்சா மிஷினே ஓடாத மாதிரி வந்திருக்குது. இல்லன்னா அடுத்த வருஷமும் முனிராஜே நடிப்பாரு" என்றார். கேன்டீன் சிரித்தது, கைதட்டியது. அத்தனை பேர் முன்னால் பிளான்ட் ஹெட் மாட்டேன் என்று சொல்ல முடியாது. மாற்றலாம் என்றார். சில வாரங்களில் மாற்றவும் செய்தார்கள். புது பட்டன் வரும்வரை எட்டாம் நம்பரில் டேப் ஒட்டவில்லை. எனக்குத் தெரியும், நான் பெட்டி அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன்.

மாதேஷ் ஒருநாள் என் மேசைக்கு வந்து, பாகங்களைக் காட்டுகிற சாக்கில் கேட்டான்.

"க்கா, அந்தப் படத்துல... வேற யாராச்சும் பாத்திருப்பாங்களா?"

"எல்லாரும் கிளவுஸைத்தான் பார்த்தாங்க."

"மேடம்?"

"அவங்க கிளவுஸைப் பார்க்கவே இல்லை."

தலையைக் குனிந்துகொண்டு போனான். அடுத்த மாசம் பலகையில் வேறொருவர் படம் ஏறியது. அக்காவும் அவனும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

மறுவருஷம் அக்கா வேலையை விட்டுவிட்டு, மகள் படிக்கும் ஊருக்கே போய்விட்டார். இப்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு புது எஞ்சினியர் பெண் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பொழுது போவதில்லை. தனியாகப் பேய்ப்படம் பார்க்கத் தைரியம் இல்லை, பகலாக இருந்தாலும்.

அவர் கிளம்பிய நாளில் கேட் பக்கத்தில் எல்லோரும் கூடி நின்று எடுத்த படம் ஒன்று செல்போனில் இருக்கிறது. நடுவில் மாலையோடு அக்கா. ஃப்ளாஷ் என்றாலும் பயம், கண்ணை இறுக்க மூடியிருக்கிறார். அழுகையாக வந்தது. அன்றைக்கே அவருக்கு அதை அனுப்பி, "நல்ல படத்துல கண்ணை மூடிட்டீங்களே அக்கா" என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது. "என்னப் போயி என்னாத்துக்கு பாக்கற சேலம்? பின்னாடி பாரு."

பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி வரிசையில், எல்லோர் தலைக்கும் மேலே, சிவப்புத் தொப்பியோடு மாதேஷ் இரண்டு கைகளையும் உயர்த்தி, விரல்களை அகல விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறான். ஒவ்வொன்றாக எண்ணினேன். பத்தும் இருந்தன.